வட்டம் வரை

எம்ஆர்டி கட்டணத்தைக் கணக்கிட ஒரு சின்ன ஃபங்ஷன் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எங்கே ஏறுகிறோம், எங்கே இறங்குகிறோம் என்ற இரண்டு தகவல்களைக் கொடுத்தால் அது கட்டணத்தைச் சொல்லும். உள்ளே போகும் இந்த இரண்டு தகவல்களுக்கும் பெயர் வைக்க வேண்டும். பாராமீட்டர் பெயர் என்பது அதுதான். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு உடனே தோன்றுவது 'ஃப்ரம்', 'டு'. லிட்டில் இந்தியாவிலிருந்து ஜூரோங் ஈஸ்ட்டுக்கு. இதைவிட இயல்பான பெயர்கள் கிடையாது. ஆனால் பைத்தானில் இது செல்லாது. 'ஃப்ரம்' என்ற சொல்லை அந்த மொழி தனக்கென்று எடுத்துவைத்திருக்கிறது. வேறொரு கோப்பில் இருப்பதை இங்கே கொண்டுவருவதற்கான கட்டளைச்சொல் அது. அதைப் பாராமீட்டருக்கு வைத்தால் நிரல் ஓடவே ஓடாது.

இதற்கு எங்கள் தொழிலில் பழகிப்போன வைத்தியங்கள் உண்டு. 'ஃப்ரம்' என்பதன் வாலில் ஓர் அடிக்கோடு போடுவோம். அல்லது 'ஸ்டார்ட்', 'சோர்ஸ்' என்று பக்கத்து வீட்டுச் சொல் ஒன்றைக் கடன் வாங்குவோம். பள்ளிக்கூடத்துக்கு மென்பொருள் எழுதும் ஆள், வகுப்பைக் குறிக்க 'கிளாஸ்' என்று எழுத முடியாததால் சி எழுத்தைக் கே ஆக்கி எழுதுவார். பைத்தானின் எழுத்து நடைக்கான வழிகாட்டி, பெப் 8, இதைப் பற்றி அக்கறையாகவே பேசுகிறது: சொல்லைச் சிதைக்காதே, அதற்கு அடிக்கோடு தேவலை என்கிறது. சிதைந்த பெயரைவிட வால் முளைத்த பெயர் மேல். ஆனாலும் வால் வால்தானே.

இப்படி எடுத்துவைக்கப்பட்ட சொற்களைத் தமிழில் 'ஒதுக்கப்பட்ட சொற்கள்' என்கிறோம். மூலத்தைவிட இந்த மொழிபெயர்ப்பு ஆழமானது என்று எனக்கு ஒரு எண்ணம். 'ஒதுக்குதல்' தமிழில் இரண்டு வேலை செய்கிறது. ரயிலில் கர்ப்பிணிக்கு இருக்கை ஒதுக்குகிறோம். ஊரில் ஒரு குடும்பத்தை ஒதுக்கிவைத்தார்கள் என்றும் சொல்கிறோம். ஒன்று உரிமை, இன்னொன்று விலக்கு. ஒரு சொல்லை யாரோ ஒருவருக்கு ஒதுக்கும் அதே கணத்தில் மற்ற எல்லோரும் அந்தச் சொல்லிடமிருந்து ஒதுக்கப்படுகிறார்கள். இரண்டும் ஒரே செயலின் இரண்டு பக்கம்.

என்னோடு வேலை பார்க்கும் நண்பனிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். "மொத்தமே முப்பத்தஞ்சு சொல்லுடா. இங்கிலீஷ்ல லட்சக்கணக்குல இருக்கு. முப்பத்தஞ்ச விட்டுக் குடுத்தா என்ன குறைஞ்சு போச்சு?" அவன் சொன்ன கணக்கு சரிதான், இன்றைய பைத்தானில் நிரந்தரமாக ஒதுக்கப்பட்டவை 35 சொற்கள். ஆனால் என் கேள்வி எண்ணிக்கையைப் பற்றியது அல்ல. விதி செய்பவர், விதிக்கு முன்பே மக்களிடம் புழங்கிய ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளும்போது, யார் யாருக்கு வழிவிட வேண்டும்?

*

முதலில் ஒதுக்குபவரின் பக்க நியாயத்தைக் கேட்டுவிடலாம். ஒரு சொல்லைக்கூட ஒதுக்காமல் மொழி செய்ய முடியாதா என்றால், முடியும். 1957இல் வந்த ஃபோர்ட்ரானில் ஒதுக்கப்பட்ட சொல் ஒன்றுகூட இல்லை. அறுபதுகளில் ஐபிஎம் கொண்டுவந்த பிஎல்/1 மொழியிலும் இல்லை. அந்த மொழியில் 'இஃப்' என்பது நிபந்தனைக்கான சொல். அதே நிரலில் உங்கள் மாறி ஒன்றுக்கும் 'இஃப்' என்று பெயர் வைக்கலாம். 'தென்' என்றும் ஒரு மாறி இருக்கலாம். அப்போது "இஃப் இஃப் = தென் தென் தென் = இஃப்" என்பது செல்லுபடியாகும் வாக்கியம். கணினிக்குப் புரியும். அடுத்த வாரம் இதைத் திருத்த வருகிற மனிதருக்குத் தலை சுற்றும்.

ஆக, ஒதுக்கீடு படிப்பவருக்கு ஒரு பாதுகாப்பு. ஒரு வரியில் 'இஃப்' என்று பார்த்ததும் இங்கே நிபந்தனை வருகிறது என்று கண் ஐயமில்லாமல் நம்பலாம். இந்த நம்பிக்கை சின்ன விஷயம் இல்லை. நான் ஒரு நாளில் எழுதுகிற வரிகளைவிடப் படிக்கிற வரிகள் பல மடங்கு அதிகம்.

ஆனால் ஒதுக்கீடு எப்போதும் படிப்பவருக்காக நடப்பதில்லை. ஜாவா மொழியில் 'கோட்டு' என்ற சொல் தொண்ணூறுகளில் ஒதுக்கப்பட்டது. அந்தச் சொல்லுக்கு ஜாவா இன்றுவரை எந்த வேலையும் கொடுக்கவில்லை. தானும் பயன்படுத்தாது, உங்களையும் பயன்படுத்த விடாது. ஜாவாஸ்கிரிப்டும் தொண்ணூறுகளிலேயே 'கிளாஸ்' என்ற சொல்லைப் பிற்காலத் தேவைக்கு என்று எடுத்துவைத்தது. உண்மையில் அதைப் பயன்படுத்தியது 2015இல். கோபோலில் ஒதுக்கப்பட்ட சொற்கள் முந்நூறுக்கும் மேல். அங்கே ஒரு மாறிக்குப் பெயர் வைப்பது, நிலமெல்லாம் பட்டா போட்ட ஊரில் புறம்போக்கு தேடுவது மாதிரி.

இங்கேதான் பாராமீட்டர் பெயர் மற்றப் பெயர்களிலிருந்து வேறுபடுகிறது. ஃபங்ஷனுக்கு உள்ளே நான் வைத்துக்கொள்ளும் மாறியின் பெயர் என் வீட்டுச் சமாச்சாரம். மாற்றினால் வெளியே யாருக்கும் தெரியாது. பாராமீட்டரின் பெயர், பைத்தான் மாதிரியான மொழிகளில், வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை. என் ஃபங்ஷனை அழைக்கிறவர் அந்தப் பெயரைச் சொல்லித் தகவலைக் கொடுக்கலாம். எனக்கும் முகம் தெரியாத எத்தனையோ பேருக்கும் நடுவே அது ஓர் உடன்படிக்கை. அதை மாற்றச் சொல்லும் விதி அத்தனை பேரின் பேச்சையும் மாற்றச் சொல்கிறது.

2018இல் இது நடந்தது. பைத்தான் 3.7 பதிப்பில் 'ஏசிங்க்' முழுமையாக ஒதுக்கப்பட்ட சொல்லானது. செயற்கை நுண்ணறிவு ஆட்கள் பயன்படுத்தும் பைடார்ச் நூலகத்தில், தரவை ஜிபியுவுக்கு அனுப்பும் ஃபங்ஷனில் அதே பெயரில் ஒரு பாராமீட்டர் இருந்தது. அதை 'நான்_பிளாக்கிங்' என்று மாற்ற வேண்டியதாயிற்று. பழைய பெயரை வைத்து எழுதப்பட்ட நிரல்கள் புதிய பைத்தானில் படிக்கக்கூட முடியாதவை ஆயின. பைத்தான்காரர்கள் அடாவடி செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். 2015இலேயே அறிவித்தார்கள். நடுவில் வந்த பதிப்பில் எச்சரிக்கை செய்தி காட்டினார்கள். நோட்டீஸ் ஒட்டி, தேதி சொல்லி, பிறகுதான் வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். ஆனாலும் காலி செய்தவர், முன்பே குடியிருந்தவர்.

*

தேக்கா சென்டரில் மதிய நேரம் சாப்பிடப் போனவர்களுக்கு ஒரு காட்சி தெரிந்திருக்கும். காலி மேசை. அதன் மேல் ஒரு டிஷ்யூ பாக்கெட். உட்கார மாட்டோம். யாரோ 'சோப்' பண்ணிவிட்டு பிரியாணி வரிசையில் நிற்கிறார்கள் என்று அர்த்தம். சட்டம் கிடையாது, பலகை கிடையாது. அதே டிஷ்யூ பாக்கெட் கைப்பையில் இருந்தால் வெறும் டிஷ்யூ. சாலையோரம் சக்கர நாற்காலியில் அமர்ந்து விற்பவரிடம் இருந்தால் விற்பனைப் பொருள். மதியம், காலி மேசை, அதன் நடுவே வைத்தால் மட்டும் அது ஒதுக்கீடு. இதற்காக டிஷ்யூவை நாம் யாரும் மற்ற வேலைகளிலிருந்து விலக்கிவைக்கவில்லை. இடத்தைப் பார்த்துப் பொருளைப் படித்துக்கொள்கிறோம்.

பைத்தான் 2021இல் இந்த இடத்துக்கு வந்துசேர்ந்தது. 3.10 பதிப்பில் 'மேட்ச்' என்ற புதிய கட்டளைச்சொல் தேவைப்பட்டது. ஆனால் அந்தப் பெயரில் பைத்தானின் சொந்த நூலகத்திலேயே பல காலமாக ஒரு ஃபங்ஷன் இருந்தது, உலகம் முழுக்கப் புழங்கிக்கொண்டும் இருந்தது. இந்த முறை யாரையும் காலி செய்யச் சொல்லவில்லை. 'மேட்ச்' ஒரு மென்மையான கட்டளைச்சொல் என்றார்கள். வாக்கியத்தின் தொடக்கத்தில், குறிப்பிட்ட அமைப்பில் வந்தால் அது கட்டளை. மற்ற இடங்களில் உங்கள் சொல், உங்கள் பெயர், உங்கள் பாராமீட்டர்.

2018இல் ஏன் இப்படிச் செய்யவில்லை? ஒரு பெரிய காரணம், நிரலைப் படிக்கும் பகுதி அப்போது ஒரே ஒரு சொல்லை மட்டும் முன்னால் எட்டிப் பார்த்து முடிவெடுக்கும் வகையைச் சேர்ந்தது. அதை வைத்துக்கொண்டு இடம் பார்த்துப் பொருள் கொள்வது பெரும்பாடு. 2020இல் வந்த 3.9 பதிப்பில் அதை மாற்றி, வாக்கியத்தை இன்னும் தள்ளிப்போய்ப் பார்க்கக்கூடிய ஒன்றை வைத்தார்கள். அதன் பிறகு 'மேட்ச்' போன்ற சொற்களுக்கு இடம் கொடுப்பது எளிதானது.

எனக்கு இந்த இரண்டு சம்பவங்களில் இருப்பது தொழில்நுட்ப வரலாறு மட்டும் இல்லை. ஒதுக்கப்பட்ட சொற்களில் ஒரு பகுதி, படிக்கிற கருவியின் கிட்டப்பார்வைக்காக ஒதுக்கப்பட்டவை. பார்வை சரியானதும் ஒதுக்கவேண்டிய தேவை போய்விட்டது. அதுவரை அந்தக் குறையின் செலவை ஏற்றுக்கொண்டவர்கள், பெயரை மாற்றிக்கொண்டவர்கள். விதி செய்கிறவரால் வித்தியாசம் காண முடியாதபோது, வித்தியாசமாக இருப்பவரைத்தான் மாறச் சொல்கிறார். இது நிரல் மொழிக்கு வெளியேயும் நடப்பதுதான்.

*

அந்தத் தேக்கா என்ற பெயருக்கே அது நடந்தது. ஹொக்கியன் மொழியில் மூங்கிலடி என்று பொருள்படும் பெயர் அது. தமிழர், மலாய்க்காரர், சீனர் எல்லோர் வாயிலும் புழங்கித் தமிழில் 'தேக்கா' ஆகிவிட்டது. தேக்கு மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1982இல் புதிய சந்தைக் கட்டடம் வந்தபோது அதற்கு 'ஜூஜியாவ்' சென்டர் என்று பெயர் வைத்தார்கள். அதே சீன எழுத்துகள்தான், அதே மூங்கிலடிதான். ஆனால் மாண்டரின் உச்சரிப்பு. மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979இல் தொடங்கியிருந்தது. எழுத்து ஒன்று, உச்சரிப்பும் ஒன்றாக இருக்கட்டும் என்பது ஒழுங்கை விரும்புகிற மனம். பொறியாளனான எனக்கு அந்த மனத்தை நன்றாகத் தெரியும்.

பொருள் மாறவில்லை. சொல் மாறியது. 'ஃப்ரம்' என்பதற்குப் பதில் 'சோர்ஸ்' என்று எழுதிக்கொள் என்பது மாதிரி. ஆனால் கீரை வாங்க வருகிறவர்கள் புதிய பெயரை ஏற்கவில்லை. அவர்கள் தேக்காவுக்குப் போனார்கள், தேக்காவிலிருந்து வந்தார்கள். 2000இல் பெயர் தேக்கா சென்டர் என்று திரும்ப வந்தது. 18 வருஷம்.

ஊர் இப்படித் தன் பெயரைத் திரும்ப வாங்க முடிந்ததற்குக் காரணம், மனிதர் வாய்க்குக் கம்பைலர் கிடையாது. பலகையில் என்ன எழுதியிருந்தாலும் நாம் சொல்வதைச் சொல்லலாம், எதிரே இருப்பவருக்குப் புரியும். நிரல் மொழியில் அந்த நெகிழ்வு இல்லை. விதிக்கு மாறாக ஒரு சொல் வந்தால் அது கேட்கப்படவே படாது. அதனால்தான் நிரல் மொழி செய்பவருக்கு, ஊருக்குப் பெயர் வைப்பவரைவிடப் பொறுப்பு அதிகம் என்று நினைக்கிறேன்.

*

இதுவரை சொன்ன மொழிகள் எல்லாம் ஆங்கிலச் சொற்களை ஒதுக்கியவை. இதில் நமக்கு ஒரு விசித்திரமான வசதி உண்டு. 2008இல் வந்த பைத்தான் 3 முதல், மாறிகளுக்கும் பாராமீட்டர்களுக்கும் தமிழில் பெயர் வைக்கலாம். 'இருந்து' என்று ஒரு பாராமீட்டர், 'வரை' என்று இன்னொன்று. எந்தத் தடையும் இல்லை. அந்த மொழியின் சட்டத்தில் தமிழ்ச்சொல் ஒன்றுகூட இல்லாததால், தமிழ்ச்சொல் எல்லாமே சுதந்திரமானவை. அதிகாரத்தில் பங்கு இல்லாதவனுக்குக் கிடைக்கிற சுதந்திரம்.

இப்போது எழில் மொழிக்கு வருவோம். முத்தையா அண்ணாமலை உருவாக்கிய தமிழ் நிரல் மொழி அது. 2009இல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை வெளியானது. ஆங்கிலம் தெரியாத தமிழ்ப் பிள்ளையும் நிரல் எழுதிப் பழக வேண்டும் என்பது நோக்கம். அதில் 'இஃப்' இடத்தில் 'ஆனால்', 'எல்ஸ்' இடத்தில் 'இல்லை', 'வைல்' இடத்தில் 'வரை', 'எண்ட்' இடத்தில் 'முடி', 'கன்டின்யூ' இடத்தில் 'தொடர்', 'பிரேக்' இடத்தில் 'நிறுத்து'. நல்ல தேர்வுகள். சின்னச் சொற்கள், எல்லோருக்கும் தெரிந்த சொற்கள்.

ஆனால் தமிழில் சின்னச் சொற்கள்தான் அதிகப் பாரம் சுமப்பவை. 'முடி' என்றால் நிறைவு செய். கூந்தலும் முடிதான், அரசன் தலையில் இருப்பதும் முடிதான். 'தொடர்' என்றால் விடாமல் செல். இரவு ஏழு மணிக்குப் பாட்டி பார்ப்பதும் தொடர், கணக்கில் எண்களின் வரிசையும் தொடர். 'வரை' என்பது எல்லை. படம் தீட்டு என்ற ஏவலும் அதுவே, சங்கக் கவிதைக்குப் போனால் மலையும் அதுவே.

ஒரு பிள்ளை நிரலில் வட்டம் போடக் கற்றுக்கொள்கிறது. அதற்கு ஒரு ஃபங்ஷன் எழுதினால் என்ன பெயர் வைக்கும்? 'வரை' என்றுதான் வைக்கும். அந்தச் சொல் ஏற்கெனவே சட்டத்தின் சொல். பிள்ளை 'வரைக' என்றோ 'படம்போடு' என்றோ மாற்றிக்கொள்ள வேண்டும். எண்தொடருக்கு 'தொடர்' என்ற பாராமீட்டர் பெயரும் அப்படித்தான் கைவிட்டுப் போகும். ஆங்கில நிரல் மொழியில் தமிழ்ப் பிள்ளைக்கு இருந்த சுதந்திரம், தமிழ் நிரல் மொழிக்கு வந்ததும் குறைகிறது.

இதை எழிலின் குறையாக நான் சொல்லவில்லை. தன் மொழியைச் சட்டத்தின் மொழியாக ஆக்க விரும்பும் எந்தச் சமூகமும் தர வேண்டிய விலை இது. ஆங்கிலம் அறுபது வருஷமாக அந்த விலையைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 'கிளாஸ்' என்பதில் சி எழுத்தைக் கே ஆக்குவது, வாலில் அடிக்கோடு முளைப்பது எல்லாம் அதன் ரசீதுகள். நம் மொழி விலையே கொடுக்காமல் பத்திரமாக இருக்கிறது என்றால், அதை யாரும் விதி எழுத அழைக்கவில்லை என்றும் அர்த்தம். சிங்கப்பூரில் நான்கு அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்றாக இருக்கும் தமிழுக்கு இந்த யோசனை அந்நியமானது அல்ல. பலகையில் இருக்கும் தமிழுக்கும் வாயில் இருக்கும் தமிழுக்கும் நடுவே உள்ள தூரத்தைத் தினமும் ரயிலில் பார்க்கிறோம்.

விலை கொடுக்கலாம். தேவைக்கு மேல் கொடுக்க வேண்டுமா என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

*

"வட்டம் வரை" என்று எழுதிப் பாருங்கள். வட்டத்தைத் தீட்டு என்றும் கொள்ளலாம், வட்டம் இருக்கும் இடம்வரைக்கும் என்றும் கொள்ளலாம். தனியாக நின்றால் குழப்பம். "வட்டம் வரை ஓடு" என்றதும் குழப்பம் தீர்ந்தது. "தாளில் வட்டம் வரை" என்றாலும் தீர்ந்தது. நாம் 'வரை' என்ற சொல்லை எந்தப் பக்கத்துக்கும் ஒதுக்கவில்லை. அக்கம்பக்கத்தைப் பார்த்தோம்.

தொல்காப்பியம் இதற்கு விதியே எழுதியிருக்கிறது. சொல்லதிகாரத்தின் முதல் இயல், கிளவியாக்கம், பல பொருள் தரும் ஒரு சொல்லை எப்படிப் புரிந்துகொள்வது என்று பேசுகிறது. கூட வரும் வினை, கூட வரும் இனச்சொல், சூழலின் சார்பு. இந்த மூன்றால் பொருள் தெளிவாகும் என்கிறது. உரைகாரர்கள் காட்டும் உதாரணம் 'மா'. அது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். பூத்தது என்றால் மரம். சரி, வினையாலும் தெளியவில்லை என்றால்? மா வீழ்ந்தது என்கிறோம். மரமும் விழும், விலங்கும் விழும். அந்த இடத்தில் மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடு: மாமரம் வீழ்ந்தது.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு நிரல் மொழியின் வடிவமைப்புக் குறிப்பைப் படிப்பது போலவே இருந்தது. ஸ்விஃப்ட் மொழி 2016இல் செய்தது கிட்டத்தட்ட இதுதான். 'இன்', 'ஃபார்', 'வேர்' போன்ற கட்டளைச்சொற்களையும் பாராமீட்டருக்கு வெளியே காட்டும் பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். அழைக்கும் இடத்தில், அடைப்புக்குறிக்குள், பக்கத்தில் ஒரு முக்காற்புள்ளியோடு வருகிற சொல் பெயராகத்தான் இருக்க முடியும். இடமே சார்பு. உண்மையிலேயே குழம்பக்கூடிய இடத்தில் மட்டும் சொல்லைச் சாய்ந்த மேற்குறிகளுக்குள் போடு என்றார்கள். அதுதான் 'மாமரம்'.

இங்கே பொறுப்பு எப்படிப் பங்கிடப்படுகிறது என்று பாருங்கள். முதல் உழைப்பு படிப்பவருடையது: சூழலைப் பார். அது போதாத இடத்தில் பேசுபவரின் உழைப்பு: விளக்கிச் சொல். யாரும் ஒரு சொல்லை நிரந்தரமாக இழப்பதில்லை. முழு ஒதுக்கீட்டில் இது தலைகீழ். குழப்பமே இல்லாத இடத்திலும் பேசுபவர்தான் விலகிப்போக வேண்டும். அதற்காக எல்லாச் சொல்லையும் அவிழ்த்துவிடச் சொல்லவில்லை. பிஎல்/1 வாக்கியம் நினைவிருக்கிறது. கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குச் சில சொற்களாவது அசையாமல் நிற்க வேண்டும். 'ஆனால்', 'இல்லை' இரண்டையும் நான் தயங்காமல் ஒதுக்குவேன். அந்தப் பெயரில் யாருக்கும் பொருள் எதுவும் கைநழுவப் போவதில்லை. ஒதுக்குபவர் ஒவ்வொரு சொல்லுக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்: இது படிக்கிறவரைக் காக்கவா, என் கருவிக்கு எட்டாத தூரத்தை மறைக்கவா?

எழிலின் 'வரை' விஷயத்தில் பதில் மொழிக்குள்ளேயே கிடக்கிறது. ஆங்கில மொழிகளில் நிபந்தனைக்கு முன்னால் 'வைல்' வரும். எழிலில், தமிழ் வாக்கிய ஒழுங்குக்கு ஏற்ப, நிபந்தனை முதலில் அடைப்புக்குறிக்குள் வந்துவிடும், 'வரை' அதன் பின்னால் நிற்கும். நாம் "பத்து மணி வரை" என்று சொல்கிற அதே வரிசை. பிள்ளை எழுதும் 'வரை' ஃபங்ஷனோ தன் அடைப்புக்குறிக்கு முன்னால் நிற்கும். ஒன்று அடைப்புக்குறிக்குப் பின்னால், இன்னொன்று முன்னால். கொஞ்சம் தள்ளிப் பார்க்கத் தெரிந்த கருவிக்கு இந்த அடையாளம் போதும். அப்புறம் அந்தப் பிள்ளை, பத்து ஆகும் வரை வட்டங்களாக வரைந்துகொண்டிருக்கலாம், இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்து.